யூனிக்ஸ் அட்மின் இன்டர்வியூவில் இரண்டாவது ரவுண்டைத் தாண்ட, என் திறமையை நானே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் எல்1 சப்போர்ட்டில், அதாவது முதல்நிலை உதவிக் குழுவில் இருக்கிறார். கிடைக்கிற கேள்வித் தொகுப்புகளை எல்லாம் படித்துவிட்டார். முதல் ரவுண்டு தேறுகிறது, இரண்டாவதில் நின்றுவிடுகிறது. சான்றிதழ் எடுத்தால் உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். நான் சென்னையில் லினக்ஸ், சோலாரிஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குழுவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் ரவுண்டில் கமாண்டைக் கேட்போம். இரண்டாவதில் அறிகுறியை மட்டும் கொடுப்போம். ஒரே அறிகுறிக்கு நாலு காரணம் இருக்கும். அந்த நாலில் இங்கே எது என்று பிரித்துக் காட்டும் சோதனையை உங்களால் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்ப்போம். தொகுப்புகள் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று பழக்கிவிடுகின்றன. அதனால்தான் நன்றாகப் படித்தவர்களும் இங்கே திணறுகிறார்கள்.

நான் விரும்பிக் கேட்பது இது: /வார் (லாக்குகள் சேரும் இடம்) 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்று அலெர்ட் வருகிறது. உள்ளே போய் டியூ (டைரக்டரிகளின் அளவைச் சொல்லும் கமாண்ட்) போட்டுக் கூட்டினால் கணக்கு பாதிகூட வரவில்லை. என்ன செய்வீர்கள்?

பலரும் உடனே "பழைய லாக்குகளை அழிப்பேன்" என்பார்கள். அந்தப் பதில் வந்ததும் எனக்கு மனசு சுருங்கிவிடும். டிஎஃப் (டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் கமாண்ட்) ஒரு எண் சொல்கிறது, டியூ வேறு எண் சொல்கிறது. இரண்டும் எங்கிருந்து கணக்கு எடுக்கின்றன? டிஎஃப், ஃபைல்சிஸ்டத்தின் சொந்தக் கணக்கைக் கேட்டுச் சொல்கிறது. டியூ டைரக்டரிகளுக்குள் பெயர் பெயராக நடந்து போய்க் கூட்டுகிறது. ஆக, இடத்தைப் பிடித்திருப்பது பெயர் வழியாகப் போய்ச் சேர முடியாத ஏதோ ஒன்று. இந்த ஒரு படியைச் சொல்லிவிட்டால் மீதி தானாக வரும்.

யூனிக்ஸில் ஃபைல் வேறு, அதன் பெயர் வேறு. அழிக்கும் கமாண்டான ஆர்எம் எடுத்துப் போடுவது பெயரை மட்டும்தான். கடைசிப் பெயரும் போய், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும் மூடிய பிறகே ஐநோடும் (ஃபைலின் விவரங்கள் இருக்கும் பதிவு) பிளாக்குகளும் (அது டிஸ்க்கில் பிடித்த இடம்) விடுபடும். யாரோ ராத்திரி ஷிஃப்டில் ஒரு பெரிய லாக்கை அழித்திருப்பார்கள். அப்ளிகேஷன் அதே ஃபைலில் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கும். எல்எஸ்ஓஎஃப்-ஐ "+எல்1" என்ற ஆப்ஷனோடு ஓட்டினால் பெயர் இல்லாமல் திறந்து கிடக்கும் ஃபைல்களும் அவற்றைப் பிடித்திருக்கும் ப்ராசஸும் வரும். அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்ய அனுமதி இல்லையென்றால், ஓடும் ப்ராசஸ்களின் விவரம் தெரியும் /ப்ராக் கீழே, அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் எஃப்டி டைரக்டரி வழியாக ஃபைலைப் பூஜ்ய அளவுக்குக் குறைக்கலாம். இடம் அப்போதே திரும்பி வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடியபோது /வார் கீழே உள்ள பேக்கப் டைரக்டரியில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வரும் ஃபைல்சிஸ்டம்) மவுண்ட் ஆகாமல், அதாவது இணையாமல் இருந்திருக்கும். ஸ்கிரிப்ட் லோக்கல் டிஸ்க்கிலேயே எழுதித் தள்ளியிருக்கும். பிறகு மவுண்ட் வந்து மேலே உட்கார்ந்ததும் கீழே இருப்பது கண்ணுக்கு மறைந்துவிடும். /வார்-ஐ வேறொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது அதையே அங்கேயும் இணைத்துப் பார்த்தால் மறைந்தது தெரியும். டியூவை ரூட்டாக (முழு அனுமதி உள்ள யூசராக) ஓட்டினீர்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நுழைய அனுமதி இல்லாத டைரக்டரிகளை அது கணக்கில் விட்டுவிடும்.

இதையே கொஞ்சம் திருப்பிக் கேட்பேன். எழுதப் போனால் "டிவைஸில் இடம் இல்லை" என்று எரர், டிஎஃப் காட்டுவதோ 40 சதவீதம்தான். இப்போது டிஎஃப்-ஐ "-ஐ" சேர்த்து ஓட்ட வேண்டும். ஐநோடு தீர்ந்தாலும் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அதே எரரைத்தான் திருப்பும். செஷன் ஃபைல்கள், அனுப்பப்படாமல் தேங்கிய மெயில் க்யூ என்று குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேரும் இடங்களில் இது நடக்கும். எக்ஸ்ட்4 என்ற ஃபைல்சிஸ்டம் வகையில், வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு என்று ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு வகை தேவைக்கேற்ப ஒதுக்கிக்கொள்ளும். ரூட்டால் எழுத முடிகிறது, மற்ற யூசர்களால் முடியவில்லை என்றால் எக்ஸ்ட்4 ரூட்டுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் 5 சதவீதத்தை நினைக்க வேண்டும்.

அடுத்து லோடு ஆவரேஜ். லோடு 60, சிபியூ 95 சதவீதம் சும்மா இருக்கிறது, ஏன்? லினக்ஸ் 1993-லிருந்து, ஓடக் காத்திருக்கும் ப்ராசஸ்களோடு, டி நிலையில் குறுக்கிட முடியாமல் தூங்கும் ப்ராசஸ்களையும் லோடில் சேர்த்து எண்ணுகிறது. சோலாரிஸ் அப்படி எண்ணுவதில்லை. எனவே லினக்ஸில் அதிக லோடு என்றால் சிபியூ போதவில்லை என்றே எடுத்துக்கொள்ள முடியாது. பதில் சொல்லாத என்எஃப்எஸ் சர்வரோ, மூச்சுத் திணறும் டிஸ்க்கோ காரணமாக இருக்கலாம். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டைப் போட்டு, நிலை என்ற பத்தியில் டி எத்தனை என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அந்த ப்ராசஸ்களைக் கில் மைனஸ் 9 (கட்டாயமாக நிறுத்தும் கமாண்ட்) போட்டும் கொல்ல முடியவில்லை என்று ஒருவர் தானாகவே சொல்லி, காத்திருப்பது கெர்னலுக்குள் என்பதால்தான் அப்படி என்று விளக்கினால் எனக்கு உடனே நம்பிக்கை வரும்.

நெட்வொர்க்கில் ஒரே கேள்வி போதும்: "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்" என்பதற்கும் "டைம்டு அவுட்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் யாரோ முகத்துக்கு நேரே மறுக்கிறார்கள். பெரும்பாலும் மெஷின் வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், அந்தப் போர்ட்டில் கேட்பவர் இல்லை. அல்லது சர்வீஸ் 127.0.0.1-இல் (மெஷினுக்குள்ளிருந்து மட்டும் எட்டும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ் கமாண்டில் பார்த்துவிடலாம். இரண்டாவதில் பாக்கெட் வழியில் எங்கோ விழுங்கப்பட்டிருக்கிறது. ஃபயர்வால், ரூட்டிங் பக்கம் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிக்கெட்டை நெட்வொர்க் டீமுக்குத் தள்ளுபவர்களால் அரை நாள் வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் ஏன் ஓடவில்லை என்றால், கமாண்டுகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் வேரியபிளை முதலில் பாருங்கள். சாவி சரியாக இருந்தும் எஸ்எஸ்எச் பாஸ்வேர்டு கேட்டால் ஹோம் டைரக்டரியில் குரூப்புக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் இவற்றில் விளக்க ஒன்றுமில்லை.

"அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் கமாண்டிலிருந்தே எக்ஸிக்யூட் அனுமதியை எடுத்துவிட்டேன், எப்படித் திருப்பிக் கொண்டுவருவாய்?" என்ற கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். தினசரி வேலையில் இது வராது. ஆனாலும் எனக்குப் பிடித்த கேள்விதான், ஏனென்றால் பதில்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் பெர்ல் அல்லது பைத்தானில் சிஎச்மாட் பயன்படுத்தும் அதே சிஸ்டம் கால்-ஐ (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை) நேரடியாகக் கூப்பிடுவார். இன்னொருவர், புரோகிராம்களை ஏற்றி ஓட்டும் டைனமிக் லோடரைக் கூப்பிட்டு அதன் கையில் சிஎச்மாட் ஃபைலைக் கொடுப்பார். ஒரு பெண் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது: எல்எஸ்-ஐ /டெம்ப்-க்கு நகல் எடுத்து, அந்த நகலுக்குள் சிஎச்மாட்டின் உள்ளடக்கத்தை கேட் கமாண்ட் மூலம் கொட்டிவிடுவது. அனுமதி நகலுடையது, உள்ளடக்கம் சிஎச்மாட்டுடையது. அனுமதி ஐநோடில் இருக்கிறது, எழுதினால் உள்ளடக்கம் மட்டுமே மாறும் என்று புரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

சரி, நீங்களே எப்படிச் சோதித்துக்கொள்வது? வர்ச்சுவல் மெஷின் ஒன்று போடுங்கள், ஸ்னாப்ஷாட் எடுங்கள், உடையுங்கள். எஃப்எஸ்டேபில் (எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) தப்பான யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) எழுதி ரீபூட் செய்து எமர்ஜென்சி மோடில் விழுங்கள். சின்ன ஃபைல்சிஸ்டம் ஒன்று உருவாக்கி அதில் வெற்று ஃபைல்களாக நிரப்பி ஐநோடைத் தீருங்கள். எஸ்ஈலினக்ஸ் (ஃபைலின் லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் கூடுதல் பாதுகாப்பு) இயங்கும் மெஷினில், ஹோமில் உருவாக்கிய வெப் பக்கத்தை வெப் சர்வரின் டைரக்டரிக்கு எம்வி கமாண்ட் மூலம் நகர்த்துங்கள். பழைய லேபிளோடு போய் உட்கார்ந்து, அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 என்ற மறுப்பு எரர் வரும். அதைவிட நல்லது, நண்பர் ஒருவரை உடைக்கச் சொல்வது. நாமே உடைத்தால் காரணம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நண்பர் கிடைக்காவிட்டால் சேட்சர்வர்ஸ் என்ற தளம் இருக்கிறது. உடைந்த லினக்ஸ் சர்வரைக் கையில் கொடுத்து, நேரம் வைத்துச் சரிசெய்யச் சொல்லும். "செயின்ட் ஜான்" என்ற எளிய பயிற்சியில் ஒரு லாக் ஃபைலில் யார் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும், அதிலிருந்து தொடங்குங்கள். கமாண்ட் லைனிலேயே இன்னும் கை ஓடவில்லை என்றால் அதற்கு முன் ஓவர்திவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டை முடியுங்கள்.

பயிற்சியில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். என்டர் தட்டுவதற்கு முன், "இது காரணமாக இருந்தால் இப்படிக் காட்டும், இல்லையென்றால் அப்படிக் காட்டும்" என்று காகிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் கமாண்டைப் பழக்கதோஷத்தில் தட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முதலில் சலிப்பாக இருக்கும். ஆனால் இன்டர்வியூவில் வாய்விட்டு யோசிக்கச் சொல்லும்போது இந்த வரிகள்தான் வாயில் வரும்.

"நேற்று வரை ஓடியது" என்ற புகார் வந்தால் என்ன மாறியது என்று தேடுவதையும் தனியாகப் பழகுங்கள். கடைசியாக எந்தப் பேக்கேஜ்கள் ஏறின என்பதை ஆர்பிஎம் தேதி வாரியாகத் தரும். எப்போது ரீபூட் ஆனது, யார் உள்ளே வந்தார்கள் என்பதை லாஸ்ட் தரும். அமைப்பு ஃபைல்கள் இருக்கும் /இடிசி-இல் சமீபத்தில் தொடப்பட்டவற்றை ஃபைண்ட் தரும். இன்னொன்று, ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி பிஎஸ், எஸ்எஸ், எல்எஸ்ஓஎஃப், டிமெசேஜ் (கெர்னல் செய்திகளைக் காட்டும் கமாண்ட்) இவற்றின் வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்துவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் ப்ராசஸோடு சேர்ந்து சாட்சியமும் போய்விடும், அடுத்த வாரம் அதே அலெர்ட் அதே நேரத்துக்கு வரும். இதைக் கேட்காமலே சொல்லும் ஆளை நான் கையோடு அடுத்த ரவுண்டுக்கு அனுப்பிவிடுவேன்.

சான்றிதழ் விஷயம். எல்பிஐசி-1 என்பது இரண்டு தாள், தாளுக்கு 60 கேள்வி, 90 நிமிடம், உட்கார்ந்து பதில் சொல்லும் தேர்வு. அறிவைச் சோதிக்கும், கையைச் சோதிக்காது. ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ முழுக்க மெஷினில் செய்து காட்ட வேண்டியது. 300-க்கு 210 வேண்டும். இணையம் கிடையாது, மெஷினிலேயே இருக்கும் மேன் பக்கங்கள் (கமாண்டுகளின் கையேடு) தான் துணை. நீங்கள் செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அந்த மதிப்பெண் போச்சு. இந்த இரண்டு நிபந்தனைக்காகவே என் ஓட்டு ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி புதிதாக அமைக்கும் வேலை. உடைந்ததைக் கண்டுபிடிக்கும் வேலை குறைவு. அதனால் ரெஸ்யூமே தேர்ந்தெடுக்கப்பட அது உதவும், இரண்டாவது ரவுண்டுக்கு மேலே சொன்ன பயிற்சிதான் உதவும். ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும், கட்டணமும் கொஞ்சநஞ்சமில்லை. வேலை மாறும் எண்ணம் உறுதியான பிறகு பணம் கட்டுங்கள், பயிற்சியை இன்றைக்கே தொடங்கலாம்.