நாலு மணிக்கு மேல் மூளை ஓடவில்லையா?

கேள்வி: ஒரு குழுவை நடத்துகிறேன். காலையில் தெளிவாக இருக்கிறேன். மாலை நாலு மணிக்கு மேல் லீவு விண்ணப்பத்தைக்கூடத் தள்ளிப்போடுகிறேன். இல்லையென்றால் படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிடுகிறேன். மன உறுதியை வளர்க்கும் ஆன்லைன் பயிற்சியில் பணம் கட்டிச் சேரலாமா?

பதில்: கட்டாதீர்கள். மன உறுதி தொட்டித் தண்ணீர் மாதிரி, தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்பார்கள். முதல் வகுப்பு இலவசம், அப்புறம் அடுத்த நிலை, கூடவே ஒரு மூளை டானிக் என்று வரிசையாகத் தலையில் கட்டுவார்கள். அந்தத் தொட்டிக் கதையை 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது சொல்லும்படியாக ஒன்றும் தெரியவில்லை. விளம்பரத்தில் இது வராது.

உங்கள் களைப்பு பொய்யில்லை. சளி, இருமல் என்று வந்தவர்களுக்கு நேரம் ஆக ஆக டாக்டர்கள் ஆன்டிபயாடிக் எழுதுவது கூடியதை 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேண்டாம் என்றால் விளக்க வேண்டும். எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் படிக்காமல் கொடுக்கும் ஒப்புதலும் அதே ரகம்தான்.

அதனால் உங்களிடம் வரும் கேள்விகளைக் குறையுங்கள். ஒரு வாரம் அவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்து வாருங்கள். நிறையக் கேள்விகளுக்கு ஒரு விதியே போதும் என்று தெரியும். "ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் லீவு இல்லை. அதற்குள் என்றால் காலண்டரில் போட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள்" என்று குழுவுக்கு எழுதிப் போடுங்கள். ஆள் தேர்வு, பட்ஜெட் போன்றவற்றை மதியத்துக்குள் முடியுங்கள். நாலு மணிக்கு மேல் வந்ததற்கு, நாளைக் காலை பத்து மணிக்குப் பதில் என்று நேரம் போட்டே அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விடுமுறை எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த காலையிலும் முடிவெடுக்கத் திணறினால் அது வெறும் அலுவலகக் களைப்பாக இல்லாமல் இருக்கலாம். மனச்சோர்வு நோய் இருந்தால் சின்ன முடிவுகூட எடுக்க வராமல் போகலாம். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, இவையும் இப்படித் தலைகாட்டலாம். அப்போது எந்த விதியும் உதவாது, டாக்டரைப் பாருங்கள். சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

பிரிண்டர் மை வாங்க மூன்று கையெழுத்து கேட்கும் நிறுவனங்களே ஊழியர்களுக்கு மன அழுத்த வகுப்பும் நடத்துகின்றன. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. முதலில் கையெழுத்துகளைக் குறைக்கட்டும். எந்தத் தொகை வரை குழுவே முடிவெடுக்கலாம், எது உங்களிடம் வர வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக வேண்டாம். ஏதாவது தப்பானால் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பார்கள். எல்லாக் கேள்வியும் மறுபடி உங்கள் மேஜைக்கே வந்து நிற்கும்.