லிங்க்ட்இன்னில் 'மெல்லிய தொடர்பு' என்றால் என்ன? அதை எப்படி வளர்ப்பது?

அடிக்கடி பேசாவிட்டாலும் உங்களை இன்னாரென்று அறிந்திருக்கும் தொழில்முறை அறிமுகமே மெல்லிய தொடர்பு. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய தகவல் வெளிவட்டத்திலிருந்துதான் வரும். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் இதை விளக்கினார்.

செடிக்குத் தண்ணீர் விடுவது போலத்தான் இதுவும்: மாதக்கணக்கில் மறந்துவிட்டு ஒரே நாளில் குடம் குடமாகக் கொட்டினால் பிழைக்காது. ஒருவருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பும் 'கனெக்ட்' பொத்தானை வெறுமனே அழுத்தாமல், "சர்வர் மாற்றம் பற்றிய உங்கள் பதிவு உதவியது, பழைய தரவை எப்படி நகர்த்தினீர்கள்?" என்று இரண்டே வரி எழுதுங்கள். பதில் வந்தால் நன்றியோடு நிறுத்தாதீர்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று சில வாரம் கழித்துத் தெரிவியுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் செய்தியிலேயே ரெஸ்யூமே அனுப்பினால் பதில் வருவது அரிது. உங்கள் வேலையைப் பார்க்காமல் அவர் எதை நம்பிப் பரிந்துரைப்பார்?

அதற்காக வேலையே கேட்கக்கூடாது என்று நினைப்பது தவறு. பழகியபின் எந்தப் பணியிடம், ஏன் பொருந்துவீர்கள் என்று தெளிவாகவே கேட்கலாம்.