13 சுற்று, 3 நிமிடம்

அன்புள்ள ஐயா,

என் மகன் மாவட்ட அளவில் செஸ் ஆடுகிறான். 2025 டாடா ஸ்டீல் போட்டியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் சமமாக முடித்தபோது, பட்டத்தை மூன்று நிமிட ஆட்டத்தில் தீர்த்ததை அவனால் இன்னும் ஏற்க முடியவில்லை. "உலக சாம்பியனைத் தோற்கடிக்க இதுவா வழி?" என்கிறான். எனக்கும் குலுக்கல் சீட்டு மாதிரிதான் படுகிறது. முன்பு போலப் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கொடுத்திருக்கலாம். இந்தப் போட்டி நடக்கும் நெதர்லாந்து ஊரான விக் ஆன் ஸீயில் ஆனந்த் ஐந்து முறை வென்றார் என்கிறோமே, அதில் 1989, 1998, 2006 மூன்றும் பகிர்ந்தவைதான். 1989-இல் நான்கு பேர். அதற்காக யாரும் அவரைக் கால் சாம்பியன் என்று சொன்னதில்லை. ஆனால் குலுக்கல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

13ஆவது சுற்றைப் பாருங்கள். இருவரும் 8.5 புள்ளியோடு உட்கார்ந்தார்கள். குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றார். உலக சாம்பியனான பின் கிளாசிக்கலில், அதாவது நீண்ட நேர ஆட்டத்தில், அவருக்கு அது முதல் தோல்வி. அதன்பின் பிரக்ஞானந்தாவுக்கு ஒரு டிரா போதும், கோப்பை அவருக்குத்தான். எதிரே வின்சென்ட் கெய்மர். அந்த அரைப் புள்ளி கிடைக்கவில்லை, அவரும் தோற்றார். யோசிக்க மணிக்கணக்கில் நேரமிருந்த ஆட்டங்களில்தான் இருவரும் பட்டத்தைக் கோட்டை விட்டார்கள். பிளிட்ஸ் எனும் அந்த மூன்று நிமிட ஆட்டத்தின் கடிகாரத்தின் மேல் ஏன் பழி?

சமநிலையை முறிக்கும் டைபிரேக்கில் முதல் ஆட்டம் குகேஷுக்கு. அடுத்ததைத் தோற்றால், ஏன், டிரா செய்தாலே கதை முடிந்தது என்ற நிலையில் பிரக்ஞானந்தா வென்றார். மூன்றாவதில் வெள்ளைக்கு இரண்டரை நிமிடம், கருப்புக்கு மூன்று. வெள்ளையில் குகேஷ். முதலில் ஒரு சிப்பாய் போனது, பிறகு குதிரையும் போனது, பட்டம் பிரக்ஞானந்தாவுக்கு. அன்று பகல் முழுக்க அடி வாங்கிவிட்டு, மாலையில் பின்தங்கியும் திரும்பி வருவதற்குத் தனித் தெம்பு வேண்டும். அதையும் செஸ்ஸில்தான் சேர்ப்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. நெடுநேரம் ஆடிக் களைத்தவர்களை அதே மாலையில் பிளிட்ஸுக்கு உட்கார வைத்தது. மறுநாளுக்குத் தள்ளியிருக்கலாம்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இருவரும் சென்னை வேலம்மாள் பள்ளிப் பிள்ளைகள் என்பதால்தான் நமக்கு மனசு கேட்கவில்லை. கெய்மரும் அர்ஜுனும் டைபிரேக் ஆடியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்குமா? 2024-இல் இதே ஊரில் குகேஷ் டைபிரேக்கில் வெய் யியிடம் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆகிவிட்டார்.

தம்பியிடம் அந்த கெய்மர் ஆட்டத்தைப் போர்டில் வைத்து ஒவ்வொரு நகர்த்தலாக ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். டிரா எங்கே நழுவியது என்று அவன் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதட்டும்.