தோற்றவனுக்கு என்ன இடம்?

கேள்வி: கணவனையும் தமையனையும் களத்தில் இழந்த பின்னும் ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடியது புறநானூறு. இடைக்காலத்திலோ தமிழன் பக்தியில் மூழ்கி வீரத்தைத் தொலைத்துவிட்டான் என்பது சரிதானே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: சரியில்லை. நீங்கள் சொல்வது ஒக்கூர் மாசாத்தியார் என்னும் சங்கப் பெண்புலவரின் பாட்டு (புறம் 279). அப்பாட்டு 'கெடுக சிந்தை; கடிது இவள் துணிவே' (இவள் மனம் கெடுக, இவள் துணிவு கொடிது) என்ற திடுக்கிடலோடு தொடங்குவதை மேடைப் பேச்சாளர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இடைக்காலத்தில் வீரம் இல்லை என்பவர், சோழரின் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டார். போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்ணும் அந்த ஒரு நூலில் ஓடும் குருதிக்குப் புறநானூறு முழுவதும் ஈடாகாது. வீரம் அங்கே குறையவில்லை. அதை அளந்த முறைதான் மாறியது. அந்த மாற்றம், வென்றவர்களைவிடத் தோற்றவர்களை இலக்கியம் எப்படி நடத்தியது என்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

வெண்ணிப் பறந்தலை என்னும் போர்க்களத்தில் சோழன் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறங்காட்டி ஓடியவன் அல்லன். மார்பைக் குறித்து எறியப்பட்ட வேல் முதுகிலும் புண்ணை உண்டாக்கிவிட்டது. அதற்கே நாணி அவன் வாளோடு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து, உயிர்விடத் துணிந்தான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்புலவர் அந்தத் தோற்ற மன்னனை, வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே, 'நின்னினும் நல்லன் அன்றே' (உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா) என்று பாடினார் (புறம் 66). வெற்றி ஒருவனுக்கும் புகழ் மற்றொருவனுக்கும் போகலாம் என்பதையும், அதைச் சொல்லும் உரிமை பாடுபவருக்கு உண்டு என்பதையும் அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டிருந்தது. இல்லையேல் இப்பாட்டு நம் கைக்கு வந்திருக்காது.

முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்துச் செயங்கொண்டாரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. கலிங்கத்துக்குப் படை நடத்திப் போரிட்டவன் கருணாகரத் தொண்டைமான். மன்னன் களத்துக்குப் போகவே இல்லை. ஆனாலும் மன்னனுடைய குலமுறைக்கு ஒரு பகுதியையும் அவன் திருமாலின் அவதாரம் என்பதற்கு ஒரு பகுதியையும் ஒதுக்கிப் புகழின் பெரும்பங்கை அவனிடமே சேர்க்கிறது பரணி. புண் பட்டு ஈட்ட வேண்டியிருந்த வீரம் பிறப்பிலேயே வந்து சேர்கிறது. தோற்ற கலிங்க வீரர்களோ தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணர் என்றும், வில்நாணைப் பூணூலாக மடித்துப் போட்டுக்கொண்டு கங்கையாடப் போகும் அந்தணர் என்றும் சொல்லித் தப்புகிறார்கள். படிக்கும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது; வெண்ணிக் குயத்தியாருக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் குறை சொல்லும் பக்தி இலக்கியத்தில், நாயன்மார் கதைகளைச் சொல்லும் பெரியபுராணம் பரணிக்குச் சற்றுப் பின் வந்தது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் அதில் பாடிய ஏனாதிநாதர் வாட்பயிற்சி அளிக்கும் ஆசான். நேர்ப்போரில் அவரை வெல்ல முடியாத அதிசூரன், நெற்றியில் திருநீறு பூசி அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்து, நெருங்கியதும் காட்டுகிறான். இனி இவரைக் கொல்வதில்லை என்று முடிவு செய்த நாயனார் வாளைக் கீழே போட நினைக்கிறார். ஆயுதம் இல்லாதவரைக் கொன்ற பழி எதிரிக்கு வந்துவிடுமே என்று எண்ணி, வாளைப் பிடித்தபடியே, போரிடுபவர்போல் நேர்நின்று வெட்டுப்படுகிறார். புறங்காட்டாமையும் படையற்றவனைக் கொல்லாமையும் ஆகிய பழைய அறங்கள் இரண்டும் இங்கே அப்படியே இருக்கின்றன. இரண்டாவது அறத்தை எதிரிக்காகவும் இவரே காத்துக்கொடுக்கிறார். சங்கப் புலவர் எவரும் இப்படி ஒருவரைக் கற்பனை செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதே பெரியபுராணத்தில் வரும் மன்னர் புகழ்ச்சோழர் கதை பரணிக்கு நேர் எதிரே வைக்கத்தக்கது. அங்கும் திறை செலுத்தாத ஒருவன்மேல் படை போகிறது. அங்கும் மன்னன் களத்துக்குப் போகாமல் கருவூரில் இருக்கிறான். அங்கும் முழு வெற்றி. ஆனால் வெட்டிக் கொணர்ந்த தலைகளின் நடுவே ஒரு சடைத்தலையைக் கண்ட மன்னன், சிவனடியாரைக் கொன்ற அரசு தன்னுடையது என்று நடுங்கி, மகனுக்கு முடிசூட்ட ஆணையிட்டு, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீப்புகுகிறான். பரணியில் பேய் ஒன்று காளிக்குப் போரைச் சொல்லும் 'காளிக்குக் கூளி கூறியது' என்னும் பகுதியையும் இந்தப் புராணத்தையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, வீரம் தொலைந்ததா என்று மீண்டும் எழுதுங்கள்.