கேள்வி-பதில்: பழைய சிஆர்ஓவும் அதன் பவர் சப்ளையும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஆசிலாஸ்கோப் (சிஆர்ஓ, மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டுகிற கருவி) பற்றியவை. அதிலும் பெரும்பாலும் பவர் சப்ளை கோளாறு. மிக்சி, வாஷிங் மெஷின்காரர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு கடைக்காரரிடம் 20 மெகாஹெர்ட்ஸ் டூயல் டிரேஸ் (இரண்டு அலைகளைச் சேர்த்துக் காட்டுகிற) சிஆர்ஓ வாங்கினேன் சார். ‘வொர்க்கிங் கண்டிஷன்’ என்று போட்டிருந்தார், திரையில் கோடு தெரிகிற வீடியோவும் அனுப்பினார். இங்கே வந்ததும் பார்த்தால், இன்புட்டை கிரவுண்டில் (சிக்னலே இல்லாமல்) வைத்தாலும் கோடு நேராக இல்லை, அலை அலையாக நிற்கிறது. கால் மணி நேரத்தில் படம் பெரிதாகி மங்கிப்போகிறது. கேட்டால் “நீ ஏதோ நோண்டிட்ட” என்கிறார். நான் மூடியைக்கூடத் திறக்கவில்லை. (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: தம்பி, நீங்கள் ஒன்றும் கெடுக்கவில்லை. அந்தப் பெட்டி கெட்டுப்போய்த்தான் உங்களிடம் வந்திருக்கிறது.

டிரிகரை (அலையைத் திரையில் ஓடாமல் நிறுத்துகிற கட்டுப்பாடு) ‘லைன்’ நிலையில் வையுங்கள், டைம் பேஸை (குறுக்கே ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்பது) ஒரு கட்டத்துக்கு 5 மில்லி செகண்ட் என்று திருப்புங்கள். அந்த அலை அசையாமல் நின்று, இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது 100 ஹெர்ட்ஸ். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை பிரிட்ஜ் ரெக்டிஃபையர் டிசி ஆக்கும்போது மிஞ்சுகிற ஏற்ற இறக்கம் (ரிப்பிள்) அது. அதை விழுங்க வேண்டிய ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்துபோயிருக்கிறது, அல்லது அதற்கு அடுத்து வோல்ட்டை நிலையாக வைக்கிற ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை. படம் பெரிதாகி மங்குவது வேறு அறிகுறி: பிக்சர் டியூபுக்குப் போகிற உயர் மின்னழுத்தம் இறங்குகிறது. எலக்ட்ரான் கற்றையின் வேகம் குறைந்தால் அது சுலபமாக வளையும், அதனால்தான் படம் பெருக்கிறது. ஒரு பெட்டியில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது நேற்று வந்த கோளாறாக இருக்காது.

இந்த ‘வொர்க்கிங் கண்டிஷன்’ பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்கோப் விற்கிறவர்களில் நிறைய பேர் விளக்கு எரிந்து, திரையில் பச்சைக் கோடு வந்தாலே ஓடுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். ஃபேனுக்கு அது போதும். அளக்கிற கருவிக்குப் போதாது. உதாரணத்துக்கு 1970களின் டெக்ட்ரானிக்ஸ் 465 என்ற ஸ்கோப். அதில் 110, 55, 15, 5, மைனஸ் 8 வோல்ட் என்று ஐந்து சப்ளைகள், இதில் 55 வோல்ட்டை அடிப்படையாக வைத்துத்தான் மற்றவை ஒழுங்காகின்றன. அந்த 55 கொஞ்சம் விலகினால் மற்றவையும் கூடவே விலகும். கோடு அழகாகத் தெரியும், ஆனால் திரையில் படிக்கிற வோல்ட்டும் நேரமும் தப்பாக இருக்கும், அந்தத் தப்பு அளவை நம்பி ஒருவர் நல்ல ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துப்போடுவார். பத்து விநாடி வீடியோவில் இதெல்லாம் தெரியவே தெரியாது. நானும் அப்படி ஒரு வீடியோவை நம்பி ஒரு ஸ்கோப் வாங்கினேன். வந்து திறந்தால் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி சால்டர் வைத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. விற்றவர் போனையே எடுக்கவில்லை. அதனால் இனி யார் வாங்கினாலும் அரை மணி நேரம் ஓடவிட்ட வீடியோ கேளுங்கள், முன்பக்கத்து கேலிப்ரேட்டர் (ஸ்கோப்பே தருகிற சோதனை அலை) முனையில் புரோபை (அளக்கிற ஒயரை) மாட்டி சதுர அலையைக் காட்டச் சொல்லுங்கள். சின்ன 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை மாட்டினால், டைம் பேஸ் 5 மில்லி செகண்டில் இருக்கும்போது ஒரு முழு அலை சரியாக நான்கு கட்டம் வர வேண்டும். இதைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் பணம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு இன்றே எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், இது 2020 இ-காமர்ஸ் விதி. விற்றவருடைய விளம்பரம், வீடியோ, சாட் எல்லாவற்றையும் முதலில் சேமித்துவையுங்கள், அவை அழிந்துபோகும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதுவரை மூடியைத் திறக்காதீர்கள். உங்கள் வழக்கின் பலமே அதுதான், தவிர உள்ளே பிக்சர் டியூப் பக்கம் சுமார் 2,000 வோல்ட் இருக்கும்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) பிரைமரி பக்கம், அதாவது மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்த பக்கம், அளக்கும்போது ஸ்கோப் ஷாக் அடிக்காமல் இருக்க, பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடலாமா? (ஈரோடு)

பதில்: வெட்டாதீர்கள். அளக்கப்படுகிற பொருளுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸிலிருந்து பிரித்து வைப்பது) போடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஸ்கோப். பிளக்கை மாற்றி மாட்டினேன், ‘டப்’ என்று சத்தம், அவ்வளவுதான். அவசரத்தில் பின்பக்கம் எதுவும் பார்க்கவில்லை. எவ்வளவு செலவாகும்? (கோவை)

பதில்: பின்பக்கத்தில் 115, 230 என்று எழுதிய ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பிளக்கை மாற்ற நேரம் இருந்தவருக்கு அதற்கு நேரம் இல்லையா? எஸ்எம்பிஎஸ் உள்ள பல பழைய கருவிகளில் 115 நிலையில் ரெக்டிஃபையர் வோல்ட்டேஜ் டபுளராக (வோல்ட்டை இரட்டிப்பாக்குவதாக) வேலை செய்யும். அதில் 230 கொடுத்தால் 325க்குப் பதில் 650 வோல்ட் டிசி ஏறும். பெரிய கபாசிட்டர் வெடித்திருக்கும், ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டரும் போயிருக்கலாம். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ரகமாக இருந்தால் ஃப்யூஸோடு தப்பியிருக்கலாம். எது என்று திறந்து பார்க்காமல் செலவைச் சொல்ல முடியாது. மாடல் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: ஆன் செய்ததும் குபுகுபுவென்று புகை, தாங்க முடியாத நாற்றம். ஆனால் ஸ்கோப் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது! அப்படியே வைத்துக்கொள்ளலாமா? (ஓசூர்)

பதில்: கூடாது. மெயின்ஸ் உள்ளே வருகிற இடத்தில் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி உறையோடு ஒரு கபாசிட்டர் இருக்கும், பெரும்பாலும் ரிஃபா கம்பெனியின் பேப்பர் ரகம். உறை விரிசல் விட்டு ஈரம் இறங்கினால் இப்படித்தான் புகையும். எக்ஸ்2 (மெயின்ஸ் லைனுக்கான பாதுகாப்பு வகை) என்று அச்சிட்ட 275 வோல்ட் ஏசி கபாசிட்டர் அதே மதிப்பில் போடுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு ஒய் வகைதான் போட வேண்டும்.

கேள்வி: டெக்ட்ரானிக்ஸ் 465 வைத்திருக்கிறேன். திரையில் ஒன்றும் வரவில்லை, 15 வோல்ட் லைனில் அரை வோல்ட்தான் இருக்கிறது. ஃப்யூஸைப் பெரிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் நண்பர். (டிவி மெக்கானிக், திருச்சி)

பதில்: நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த மாடலில் பிரபலமான கோளாறு இது: போர்டுகளில் சிதறிக் கிடக்கிற சின்ன டேன்டலம் கபாசிட்டர்களில் ஒன்று ஷார்ட் ஆகி அந்த லைனையே கீழே இழுத்துவிடும். சப்ளையில் கரண்ட் லிமிட் இருப்பதால் ஸ்கோப் பிழைத்துக்கிடக்கிறது, பெரிய ஃப்யூஸ் போட்டால் அந்தக் காவலையும் பாதி எடுத்துவிட்டதாகும். பவரை எடுத்துவிட்டு ஒவ்வொரு டெஸ்ட் பாயின்டிலிருந்தும் (போர்டில் அளப்பதற்கென்று விட்ட முனை) கிரவுண்டுக்கு ஓம்ஸ் பாருங்கள். சில ஓம்தான் காட்டுகிறது என்றால் அந்த லைனில் ஒவ்வொரு போர்டாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எங்கே ஓம்ஸ் ஏறுகிறதோ அங்கே ஆள் இருக்கிறார். புதிதாகப் போடுவது 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். மறுபடி ஆன் செய்யும்போது சீரிஸ் போர்டில் (கரண்ட் ஒரு பல்ப் வழியாகவே கருவிக்குப் போகிற போர்டு) 100 வாட்ஸ் குண்டு பல்ப் போட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். பல்ப் முழுசாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கவனம், கேத்தோடு பக்கம் மைனஸ் 2,450 வோல்ட்.

கேள்வி: வீட்டிலேயே ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறேன். என் ஸ்கோப்பை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். கபாசிட்டர் எல்லாம் மாற்றினோம் என்று பெரிய தொகை வாங்கினார்கள். அதே கோளாறு மறுவாரமே வந்தது. பழைய பார்ட்ஸ் கேட்டால் குப்பையில் போட்டாச்சு, பில் கேட்டால் ஜிஎஸ்டி தனி என்கிறார்கள். (திருநெல்வேலி)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. கருவி இல்லாத ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வருமானம் போகிறது. பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை, காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாதது சேவைக் குறைபாடு. ‘தொழிலுக்கு வாங்கிய கருவி, நீ நுகர்வோரே இல்லை’ என்று அவர்கள் வாதிடலாம். சுயதொழில் செய்து பிழைக்கிறவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, பயப்பட வேண்டாம். பணம் அனுப்பிய யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு போதும், முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். அசையவில்லை என்றால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மனு போடும் முன் மூடியைத் திறந்து போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள். முப்பது வருடத் தூசி படிந்த கபாசிட்டர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தால், எதுவும் மாற்றவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: 105 டிகிரி வரை சூடு தாங்குகிற ஜப்பான் கபாசிட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மதுரை)

பதில்: கால்களைப் பாருங்கள். புதிய கபாசிட்டருக்குக் கால் நீளமாக, பிளஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும், நுனியில் பழைய ஈயம் இருக்காது. பழைய போர்டிலிருந்து பிடுங்கி, புது உறை மாட்டி விற்கிறார்கள். நான் அப்படி ஒரு பொட்டலம் வாங்கி ஒரு சப்ளை முழுக்கப் போட்டேன், சில மாதத்தில் எல்லாம் தலை வீங்கி நின்றன. பழையதைப் புதிதென்று விற்பதும் சட்டப்படி குற்றச்சாட்டுக்குரியதுதான், ஆனால் பில் இல்லாமல் வாங்கியதால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈஎஸ்ஆர் மீட்டரோடு (கபாசிட்டரின் உள் தடையை அளப்பது) போய் கடையிலேயே அளந்து வாங்குங்கள், பில்லோடு.

கேள்வி: பழையதை ரிப்பேர் பண்ணுவதா, புதிய டிஜிட்டல் வாங்குவதா? (புதுச்சேரி)

பதில்: நாளைக்கே வேலைக்கு வேண்டும் என்றால் புதியது. ரிப்பேர் கற்றுக்கொள்ள என்றால் பழையது, ஆனால் சர்க்யூட் படமும் டெஸ்ட் பாயின்ட் வோல்ட்டேஜும் உள்ள சர்வீஸ் மேனுவல் கையில் கிடைத்த பிறகு மட்டும் பணம் கொடுங்கள்.