சொல்மேகத்தில் சிதறிய ‘மரம்’

வணக்கம். பாடப்பகுதியைச் சொல்மேகமாக (அடிக்கடி வரும் சொல் பெரிதாகத் தெரியும் படமாக) ஆக்கியபோது ‘மரம்’ பெரிதாகத் தெரியாமல் மரத்தை, மரத்தில், மரத்தால் எனச் சிதறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்த வடிவங்களையே மென்பொருள் ஒன்றாக எண்ணுவதால், ஐ, இல், ஆல் போன்ற வேற்றுமை உருபு ஏறிய ஒவ்வொரு வடிவமும் அதற்குத் தனிச்சொல்தான். அதைத் திருத்தாதீர்கள்; வேற்றுமை நடத்த இதைவிட நல்ல படம் கிடைப்பது அரிது. அச்சிட்டுக் கொடுத்து, ஒரே பெயரிலிருந்து பிறந்தவற்றை ஒரே வண்ணத்தில் வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு ‘மரத்தை’ என்பதை மரம் + அத்து + ஐ எனக் கரும்பலகையில் பிரித்துக் காட்டினால், மகர மெய் எங்கே போயிற்று என்று மாணவர்களே கேட்பார்கள். ‘வீட்டை’ என்பதில் ‘அத்து’ போன்ற சாரியை (பெயருக்கும் உருபுக்கும் இடையே வரும் அசை) வராமல் டகரம் இரட்டிப்பதையும் அப்போதே ஒப்பிடலாம். ஆனால் மேகத்தில் சொல்வரிசை அழிந்துவிடுவதால், எழுவாய் பயனிலை இயைபை நடத்த மூலப் பத்தியையே வைத்துக்கொள்ளுங்கள்.