நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, லாயர் பில் அனுப்பிவிட்டார். கட்டத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அப்பாவின் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பங்கு விஷயமாக உங்கள் அண்ணன் ஒரு லாயரைப் பிடித்தார். நீங்களும் ஒருமுறை கூடப் போனீர்கள். இப்போது 6,200 வெள்ளி பில் உங்கள் பெயரையும் சேர்த்து வந்திருக்கிறது. கையெழுத்தே போடாத நான் எப்படி அவருடைய கட்சிக்காரர், அதாவது அவரை அமர்த்திய கிளையன்ட், ஆவேன் என்று கேட்கிறீர்கள்.

நான் வக்கீல் இல்லை. பீப்பள்ஸ் பார்க் சென்டரில் ஒரு சின்ன வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். கோப்பு திறப்பது, பில் அடிப்பது, பணம் வராவிட்டால் கடிதம் போடுவது எல்லாம் என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கட்சிக்காரர் ஆவதற்குக் கையெழுத்து கட்டாயமில்லை. வாய்ப்பேச்சிலும் ஒப்பந்தம் உண்டாகும். பேச்சே இல்லாமல் நடந்துகொண்ட விதத்திலிருந்தும் நீதிமன்றம் அதை ஊகித்துக்கொள்ளும். 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தந்தையின் வங்கிக் கடனுக்காக மகன்கள் உத்தரவாதம் கொடுத்தார்கள். தந்தைக்காக வேலை பார்த்த வழக்கறிஞர் நிறுவனம் தங்களுக்கும் வக்கீல்தான் என்று மகன்கள் வாதிட, நீதிமன்றம் அதை ஏற்றது. அங்கே லாயர்-கட்சிக்காரர் உறவு இருந்தது என்று நிரூபிக்க நின்றது மகன்கள் தரப்பு, லாயரின் கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்டு. கட்டண வழக்கில் நிரூபிக்க வேண்டியவர் லாயர். இரண்டிலும் நீதிமன்றம் தேடும் சாட்சியம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

அந்தச் சாட்சியம் அநேகமாக உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும். ஈசூனில் இருக்கும் என் மாமா இதே பிரச்சினையோடு வந்தார். நண்பரோடு சேர்ந்து எடுத்த கடையின் முன்பணத் தகராறு. லாயர் பில் 4,100 வெள்ளி. "நான் சும்மா துணைக்குத்தான்டா போனேன்" என்றார். போனை வாங்கி வாட்ஸ்அப்பை மேலே தள்ளிக்கொண்டே போனேன். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட சாப்பாட்டு மேசை, பாதி கடித்த வடை, பக்கத்தில் அவருடைய ஐசி (அடையாள அட்டை). முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். அதற்குக் கீழே: "ஓகே சார், லெட்டர் அனுப்பிடுங்க." நான்கு நாள் கழித்துக் கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் 500 வெள்ளி, குறிப்பில் "லீகல் ஃபீஸ்" என்று அவரே தட்டியிருக்கிறார். "மாமா, நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே" என்றேன். மனிதர் வாயே திறக்கவில்லை.

அதனால் பதில் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். லாயரிடம் இதைச் செய்யுங்கள் என்று நீங்கள் சொன்னீர்களா? அவர் உங்கள் பங்கைப் பற்றி உங்களுக்கு ஆலோசனை சொன்னாரா? கடித வரைவை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் திருத்தம் சொன்னீர்களா? மூன்றுமே இல்லை, அண்ணன் பேச நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தீர்கள் என்றால் உங்கள் பக்கம் வலுவானது. தம்பி என்பதற்காக யாரும் கட்சிக்காரர் ஆகிவிட மாட்டார்கள். அண்ணன் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார் என்றால், அதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்தீர்களா என்பதே கேள்வி.

எழுத்து இல்லாதது லாயருக்கும் தலைவலிதான். 1953ல் இங்கிலாந்தில் நீதிபதி டென்னிங் பிரபு சொன்னது இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது: லாயரை அமர்த்தியது பற்றி எழுத்தில் எதுவும் இல்லாமல் இருவரும் மாறிமாறிச் சொன்னால், கட்சிக்காரர் சொல்லுக்கே கூடுதல் எடை; எழுதி வாங்க வேண்டியது லாயரின் பொறுப்பு. நீதிமன்ற வழக்கு என்றால் 'வாரண்ட் டு ஆக்ட்' என்ற அதிகாரப் பத்திரத்தைக் கட்சிக்காரரிடம் லாயர் வாங்குவது வழக்கம். எங்கள் அலுவலகத்தில் அந்தத் தாள் இல்லாமல் நான் கோப்பே திறக்க மாட்டேன். அதிகாரம் இல்லை என்று கட்சிக்காரர் மறுக்கும்போது பத்திரம் இல்லாவிட்டால், அது முதல் பார்வையில் லாயருக்கு எதிரான சாட்சியம் என்றே 2014 பதிப்பு நீதிமன்ற விதிகள் சொல்லின. ஆனாலும் அது முடிவான சாட்சியம் அல்ல. வாட்ஸ்அப் அதைப் புரட்டிப் போட்டுவிடும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: 'நான் கட்சிக்காரரா' என்பது ஒரு சண்டை, 'இந்தத் தொகை நியாயமா' என்பது வேறு சண்டை. முதலாவதில் தோற்றாலும் இரண்டாவது மிச்சம் இருக்கிறது. வழக்கு சார்ந்த வேலைக்கு இவ்வளவு கட்டணம் என்று முன்கூட்டியே பேசிய ஒப்பந்தம் எழுத்தில், கட்சிக்காரர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது வழக்கறிஞர் தொழில் சட்டம். அது இல்லையென்றால், செய்த வேலைக்கு நியாயமான தொகையை மட்டுமே அவர் கேட்க முடியும். அதை நீதிமன்றத்தில் மதிப்பிடச் சொல்லலாம். 2022 ஏப்ரல் வரை இதற்கு 'டாக்ஸேஷன்' என்று பெயர். மாமா அதைக் கேட்டு வருமான வரியோ என்று பயந்தார். இப்போது 'அசெஸ்மென்ட்' ஆகிவிட்டது.

கால அளவு முக்கியம். பில் கொடுத்து ஒரு மாதம் ஆகாமல், நீதிமன்ற அனுமதியின்றி அவர் வழக்குப் போட முடியாது. பில் வந்து 12 மாதம் தாண்டினாலோ, பணத்தைக் கட்டிவிட்டாலோ, விசேஷ காரணம் காட்டாமல் மதிப்பிடல் உத்தரவு கிடைக்காது. அதனால் முதலில் கட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இந்த வாரமே மின்னஞ்சலில் இரண்டே வரி போதும்: என்னைக் கட்சிக்காரராகச் சேர்த்ததற்கு என்ன ஆதாரம்; எந்தத் தேதியில் என்ன வேலை, எவ்வளவு நேரம், விவரம் தாருங்கள். அண்ணனைத் திட்டி எதுவும் எழுத வேண்டாம், அதுவும் கோப்பில் ஏறும். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போவதென்றால் பில்லையும் வாட்ஸ்அப் படங்களையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

மாமாவும் இப்படித்தான் விவரம் கேட்டார். வந்த பட்டியலில் நண்பர் மட்டும் போன இரண்டு சந்திப்புகளும் மாமாவின் கணக்கில் இருந்தன. பேசிப் பேசி 2,900 வெள்ளியில் முடிந்தது. தீபாவளிக்குப் பார்த்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், சும்மா துணைக்குத்தான் போனேன் என்று.